சுழலும் ஒப்பனைத் தட்டு: தோளுக்கு உதவுவது கண்ணுக்கும் உதவுமா?

கடந்த சில வருடங்களாக எங்கள் வீடுகளின் கண்ணாடி மேசைகளில் ஒரு புதுப் பொருள் இடம்பிடித்து வருகிறது. இரண்டு மூன்று அடுக்குகள் கொண்ட வட்டத் தட்டு. பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்கில் செய்யப்பட்டிருக்கும். விரலால் தட்டினால் முழுவதுமாகச் சுழலும். சீன உணவகங்களில் மேசையின் நடுவே கறிகளைச் சுற்றிவிடும் தட்டை நினைத்துக்கொண்டால் போதும், அதே ஏற்பாடுதான். பான்சிக் கடைகளிலும் முகநூல் விற்பனைப் பக்கங்களிலும் இதை ‘மேக்கப் ஒர்கனைசர்’ என்று விற்கிறார்கள்.

விளம்பரப் படங்களில் அதன் அருகே இருப்பவர் இளம்பெண். தட்டில் ஏராளமான உதட்டுச்சாயங்கள் அடுக்கியிருக்கும். ஆனால் நான் கண்டவரையில், எங்கள் வீடுகளில் இது கடைசியில் வந்து சேர்வது அறுபதைக் கடந்த அம்மாக்களின் மேசைக்குத்தான். வெளிநாட்டிலிருக்கும் மகளோ மருமகளோ பிறந்தநாளுக்கு அனுப்பிவிடுகிறார். அப்படி அனுப்ப நினைப்பவர்களுக்காகவும், தனக்கே ஒன்று வாங்க நினைக்கும் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். சுழலும் தட்டு கை எட்டவேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. ஆனால் கண் தேடவேண்டிய வேலையைக் கூட்டுகிறது. ஆகவே வாங்குவதற்கு முன்னர், அதைப் பாவிக்கப்போகிறவருக்குத் தளர்ந்திருப்பது கையா, கண்ணா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வயதில் என்ன மினுக்கு?

இது ஒரு அற்ப விடயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ‘இந்த வயதில் என்ன மினுக்கு’ என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் ஒரு வயதான பெண்ணின் கண்ணாடி மேசையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முகப் பவுடர், உடம்புக்குப் பூசும் கிறீம், தேங்காய் எண்ணெய், சீப்பு, கொண்டை ஊசி, ஒட்டுப் பொட்டு அல்லது விபூதி, மூக்குக்கண்ணாடி, தைலம், கண் துளி மருந்து. காலையில் எழுந்து, மற்றவர்கள் முன் வருவதற்குத் தன்னைத் தயார்படுத்தும் பொருட்கள் இவை.

இவற்றைத் தானே எடுத்துப் பாவிக்க முடியாமல் போனால் அவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டும். அல்லது ‘இதெல்லாம் எனக்கு எதற்கு’ என்று விட்டுவிட வேண்டும். இரண்டாவது வழியைத்தான் பலர் எடுக்கிறார்கள். தலை இழுக்கவில்லை, முகம் சரியில்லை என்று சொல்லிக் கோயிலுக்குப் போவதைத் தவிர்ப்பது, கலியாண வீட்டுக்கு வரவில்லை என்பது எல்லாம் அதன் பிறகு ஒவ்வொன்றாக வரும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் மொத்தச் சனத்தொகையில் 12.4 வீதம். அவர்களில் பெண்களே அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாகவோ இன்னொரு முதியவருடனோ வாழும் பெண்களை எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு காணலாம்.

ஒரே தட்டு, இரண்டு பெண்கள்

எங்கள் வீட்டில் என் அம்மாவும் அவரது அக்காவான என் பெரியம்மாவும் ஒன்றாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு 69 வயது, பெரியம்மாவுக்கு 76. கனடாவிலிருக்கும் சின்னம்மா இருவருக்கும் ஒரே மாதிரியான இரண்டு சுழலும் தட்டுகளை அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு நீண்டகாலமாகச் சீனி வருத்தம். அதனோடு வலது தோள் இறுகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஃபுரோசன் ஷோல்டர்’ என்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். தோளை முன்னுக்கு நீட்டுவதும் மேலே தூக்குவதும் வலி. மேசையின் பின்வரிசையிலிருக்கும் பவுடர் டின்னை எடுக்க அவர் கதிரையிலிருந்து எழும்பி, மேசையில் சாய்ந்து, இடக்கையால் எடுப்பார். தட்டு வந்த பிறகு இருந்த இடத்திலேயே விரலால் சுற்றி, முன்னுக்கு வந்ததை எடுக்கிறார். முதல் கிழமையிலேயே அது அவருடைய பொருளாகிவிட்டது.

பெரியம்மாவுக்குக் கைகளில் ஒரு குறையும் இல்லை. இன்றும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார். அவருக்கு குளுக்கோமா. பார்வையின் ஓரங்கள் குறைந்துவிட்டன, வெளிச்சம் மங்கினால் தடுமாறுவார். ஆனாலும் தன் மேசையில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. இடப்பக்க மூலையில் விபூதி, அதற்கு அடுத்தது சீப்பு, வலப்பக்கம் எண்ணெய்ப் போத்தல். கண்ணால் தேடாமலே கை அங்கே போய்விடும். புதுத் தட்டில் பொருட்களை அடுக்கியதும் அந்த ஒழுங்கு குலைந்தது. நேற்று இடப்பக்கம் இருந்த விபூதி இன்று பின்னுக்கு நிற்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தடவி, மூடியைத் திறந்து மணந்து பார்க்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் தட்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ‘அது எனக்குச் சரிவராது பிள்ளை, எல்லாம் ஓடித்திரியுது’ என்றார்.

பெரியம்மா சொன்னதில் விடயம் முழுவதும் இருக்கிறது. பார்வை குறைந்தவர்களுக்கு வழங்கப்படும் முக்கியமான ஆலோசனை, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது. மறதி நோய் ஆரம்பித்தவர்களுக்கும் அதுவே பொருந்தும். சுழலும் தட்டின் வேலையே இடத்தை மாற்றுவது. எனவே இந்த இரு சாராருக்கும் அது உதவியாக இருப்பதில்லை.

கைக்கும் தோளுக்கும் எது பொருந்தும்?

தோள், முழங்கை, விரல் மூட்டு ஆகியவற்றில் வலி உள்ளவருக்குத் தட்டு நல்லது என்று முடிவானால், அடுத்துப் பார்க்க வேண்டியது உயரம். எங்கள் மேசை தரையிலிருந்து 75 சென்ரிமீற்றர். கதிரையில் அமர்ந்திருக்கும்போது அம்மாவின் தோள் தரையிலிருந்து 93 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 36 சென்ரிமீற்றர் உயரமுள்ள நான்கு அடுக்குத் தட்டு ஒன்றை அந்த மேசையில் வைத்தால் அதன் உச்சி 111 சென்ரிமீற்றருக்குப் போய்விடும். இறுகிய தோளால் எட்ட முடியாத உயரம் அது. வலியுள்ள தோளுக்கு வசதியான இடம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்டது. ஆகவே இரண்டு அடுக்கு, 20 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட உயரம் போதும். வாங்குவதற்கு முன்னர் மேசையையும், அமர்ந்த நிலையில் தோளையும் அளந்து பாருங்கள்.

அடுத்தது விரல். மூட்டுவாதம் உள்ளவருக்குக் கிள்ளிப் பிடிப்பதும் திருகுவதும் கடினம். சில தட்டுகளில் சிறிய லாச்சிகள் இருக்கும், அவற்றை நகத்தால் இழுக்கவேண்டும். சிலவற்றில் உதட்டுச்சாயம் செருகும் துளைகள் மிக ஒடுக்கமாக இருக்கும். இவை படத்தில் அழகாகத் தெரிந்தாலும் அந்த விரல்களுக்கு உதவா. முன்பக்கம் திறந்த, கை முழுவதும் போய்வரக்கூடிய அகலமான அறைகளே நல்லவை.

கண்ணுக்கு எது பொருந்தும்?

வயதாகும்போது கண்மணி சிறுத்து, வில்லை மஞ்சளாகிறது. 60 வயதுள்ள ஒருவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெண்புரை இருந்தால் வெளிச்சம் கூசவும் செய்யும். இந்நிலையில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தட்டில் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. அறைக்குள் வைப்பதாக நினைத்து விளிம்பின் மேல் வைத்த போத்தல் விழுந்துவிடும். பளபளக்கும் சுவர்களில் மின்குமிழின் ஒளி தெறித்துக் கண்ணில் அடிக்கும்.

ஆகவே கண் ஓரளவு தளர்ந்த ஒருவருக்கு வாங்குவதானால், ஒளி ஊடுருவாத, பளபளப்பில்லாத, மேசையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறமுள்ள தட்டைத் தேடுங்கள். கறுப்பு மரமேசைக்கு வெள்ளைத் தட்டு, வெள்ளை மேசைக்குக் கடும்நீலம் என்பது போல. அடுக்குகள் குறைவாக இருப்பதும் நல்லது. மேல்தட்டின் நிழல் கீழ்த்தட்டில் விழுந்தால் அங்கே இருப்பது தெரியாது.

கையும் தளர்ந்து கண்ணும் தளர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சுழலும் தட்டிலேயே ஓர் ‘முகப்பு’ ஏற்படுத்தலாம். தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் கையால் தொட்டால் தெரியக்கூடிய ஒன்றை, உதாரணமாக ஒரு சட்டைப் பொத்தானை, ஒட்டுங்கள். அதற்கு நேரே வருவது எப்போதும் சீப்பு, அதற்கு வலப்பக்கம் பவுடர் என்று வரிசையை வைத்துக்கொண்டால், தட்டு எப்படிச் சுழன்றாலும் பொத்தானிலிருந்து எண்ணி எடுக்கலாம். ஒத்த வடிவமுள்ள இரண்டு போத்தல்கள் இருந்தால் ஒன்றில் றப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

கண் மிகவும் குறைந்தவருக்குச் சுழலும் தட்டு வேண்டாம். அறை பிரித்த சாதாரணத் தட்டு ஒன்றே போதும். மேசையில் வழுக்காமலிருக்க அடியில் றப்பர் விரிப்பொன்றைப் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பொருளை ஒதுக்கி, வீட்டிலுள்ள மற்றவர்கள் அதை இடம்மாற்றாமல் இருந்தால் சரி.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

முதலாவது, அடித்தளம். நல்ல தட்டில் இரண்டு வளையங்களுக்கு நடுவே சிறு குண்டுகள் ஓடும் பெயாரிங் இருக்கும். மலிவானதில் நடுவில் ஓர் ஆணி போன்ற அச்சு மாத்திரம் இருக்கும், பாரம் ஒரு பக்கம் கூடினால் தட்டு சாய்ந்து உரசும். வெறும் தட்டைச் சுற்றிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கையிலிருக்கும் தண்ணீர்ப் போத்தலை ஓர் ஓரத்தில் வைத்து, ஒரே விரலால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழலவும் வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். தொட்டதும் பல சுற்றுச் சுழன்று ஓடுவது வயதானவருக்கு நல்லதல்ல, உயரமான போத்தல்கள் வெளியே வீசப்படும். அடிப்பகுதியில் றப்பர் கால்கள் இருக்கின்றனவா என்றும் திருப்பிப் பாருங்கள். இல்லையேல் தட்டுக்குப் பதிலாக முழுப்பொருளுமே மேசையில் திரும்பும்.

இரண்டாவது, இடம். சதுரமான தட்டு சுழலும்போது அதன் மூலைவிட்டம் முழுவதற்கும் இடம் வேண்டும். 25 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத் தட்டு சுழல ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் தேவை. எங்கள் மேசையின் ஆழமே 38 சென்ரிமீற்றர்தான். பின்னுக்குக் கண்ணாடி, முன்னுக்குக் கைவைக்க இடம் என்று பார்த்தால் அது பொருந்தாது. அதே 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தட்டுக்கு 25 சென்ரிமீற்றரும் சிறு இடைவெளியும் போதும். சிறிய மேசைகளுக்கு வட்டமே நல்லது.

மூன்றாவது, விளிம்பு. போத்தலின் உயரத்தில் மூன்றிலொரு பங்காவது விளிம்பு தாங்கவேண்டும். ஒரு விரல் தடிப்பளவு விளிம்புள்ள தட்டில் உயரமான லோஷன் போத்தல் நிற்காது. பாரமானவற்றைக் கீழ்த்தட்டில், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக வையுங்கள்.

நான்காவது, பொருள். அக்ரிலிக், பொலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்ரிக்குகளுக்கு அசற்றோன் எதிரி. கியூடெக்ஸ் அழிக்கும் திரவம் ஒரு துளி சிந்தினாலே அந்த இடம் மங்கி உருகிவிடும். வாசனைத் திரவியத்திலும் ஓடிக்கொலோனிலும் உள்ள மதுசாரம் பட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் தோன்றும். இவற்றைத் தட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. துடைப்பதற்கு மென்மையான சவர்க்காரத் தண்ணீர் போதும். மூங்கில் தட்டுகள் பாரமாக, உறுதியாக இருக்கும். ஆனால் மாரியில் ஈரம் ஊறும் அறைகளில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரையை அண்டிய ஊர்களில் இரும்புக் குண்டுகள் துருப்பிடித்து இறுகிவிடுவதும் உண்டு. அடுக்குகளைக் கழற்றிக் கழுவக்கூடியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பவுடரும் எண்ணெயும் சேர்ந்தால் சில மாதங்களில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

இணையவழியில் வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் அளவுகளை வாசியுங்கள். அடிப்பக்கத்தின் படம் போடாத விற்பனையாளரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தட்டில் வைக்கக் கூடாதவை

புதுத் தட்டு வரும் நாள் பழையதைக் கழிக்க நல்ல நாள். பெரும்பாலான கிறீம் டப்பிகளில் மூடி திறந்த சிறு டப்பியின் படமும் அதனுள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பதை அது குறிக்கிறது. கண்ணிமைக்குப் பூசும் மஸ்காரா போன்றவற்றை மூன்று மாதத்தில் கழித்துவிடுவது நல்லது. கண்நோய் வந்தால் அப்போது பாவித்த கண்மையையும் எறிந்துவிட வேண்டும். யன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தட்டை வைக்காதீர்கள். வெயிலில் சன்ஸ்கிறீமும் விற்றமின் சேர்ந்த கிறீம்களும் பழுதாகும். முகத்தைப் பெரிதாகக் காட்டும் குழிக்கண்ணாடி தட்டோடு வந்திருந்தால் இன்னும் கவனம். அது வெயிலைக் குவித்துத் துணியில் தீப்பிடிக்கச் செய்யக்கூடியது.

முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாதவை, ‘தங்கம், வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம்’ என்று எச்சரிப்பவை ஆகியவற்றில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். சீனி வருத்தத்தால் ஏற்கனவே சிறுநீரகம் பாரம் சுமக்கும் பெண்ணுக்கு இது இரட்டை ஆபத்து. பாதரசம் கலந்த அழகுசாதனங்களைத் தடுக்கும் மினமாட்டா சாசனத்தில் இலங்கையும் ஒரு தரப்பு. சந்தேகமான கிறீமை நிறுத்துங்கள். நீண்டகாலம் பாவித்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மருந்து. கண் துளி, காதுத் துளி, குளிசை ஆகியவற்றைச் சுழலும் தட்டில் வைக்கவே கூடாது. கண் துளிப் போத்தலும் காதுத் துளிப் போத்தலும் பசைக் குழாயும் கையில் எடுக்கும்போது ஒரே அளவானவை. மூக்குக்கண்ணாடி போடாத நேரத்தில் தட்டைச் சுற்றி, முன்னுக்கு வந்ததை எடுத்துக் கண்ணில் விட்டால் பார்வையே போகலாம். மருந்துக்குத் தனிப்பெட்டி, தனி இடம். அது நகராத இடமாக இருக்கட்டும். கண் துளியைப் பெரும்பாலும் திறந்து நான்கு கிழமைகளுக்குள் பாவிக்க வேண்டும் என்பதால், திறந்த திகதியைப் பெரிய எழுத்தில் போத்தலில் எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடென்றால் மருந்து பூட்டிய லாச்சிக்குள் இருக்கவேண்டும். சுழலும் எதையும் பிள்ளைகள் சுற்றாமல் விடமாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன்

பெரியம்மாவின் தட்டை இப்போது பக்கத்து வீட்டு அக்கா தன் தையல் நூல்களுக்குப் பாவிக்கிறார். பெரியம்மாவுக்கு ஆறு அறைகள் கொண்ட நீலத் தட்டு ஒன்று சந்தையில் கிடைத்தது. அதன் விலை, வெளிநாட்டிலிருந்து வந்த பொதிக்குக் கட்டிய தபால் கூலியிலும் குறைவு. விபூதி இடது மூலைக்குத் திரும்பிவிட்டது.

தூரத்திலிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள், அடுத்த வீடியோ அழைப்பில் ஒரு காரியம் செய்யலாம். ‘அம்மா, அந்தப் பவுடர் டின்னை எடுங்கோ பாப்பம்’ என்று கேளுங்கள். கை பாதியில் நின்று முகம் சுளிக்கிறதா, கை தயாராக நிற்கக் கண் தேடுகிறதா என்று கவனியுங்கள். முகம் சுளித்தால், உயரம் குறைந்த சுழலும் தட்டை அனுப்புங்கள். கண் தேடினால், நல்ல வெளிச்சம் தரும் மேசை விளக்கொன்றையும் அறை பிரித்த சாதாரணத் தட்டையும் அனுப்புங்கள். இரண்டுமில்லாமல் டின்னை எடுத்துக் காட்டிவிட்டு, ‘இதை ஏன் கேக்கிறாய்?’ என்றால் அவருக்கு இப்போதைக்குத் தட்டே தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல சேலை ஒன்று அனுப்பலாம்.